பதினொரு விநாடி தாமதம்

க்ரோனிங்கன்,
நவம்பர் 14

அன்பு மகள் டீனெகெவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலமாகத்தான் இருக்கிறோம், மெல்போர்னில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சுகமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மழையிலும் சைக்கிளை விடமாட்டேன் என்கிறார், சொன்னால் கேட்பதில்லை. கால்வாய்ப் பக்கத்து ஜன்னலுக்குப் புதுச் சட்டம் போட்டாயிற்று, இந்தக் குளிருக்கு உன் அறை கதகதப்பாக இருக்கும், படுக்கத்தான் ஆளில்லை. இதெல்லாம் போனிலேயே சொல்லிவிடலாம். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் காகிதத்தை எடுத்தேன்.

உன் பேராசிரியை ரோவீனா போன வாரம் எங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்திருந்தாள். அவள் வருகிறாள் என்று நீ சொன்ன நாளிலிருந்தே எனக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. மூன்று வருஷமாக நீ வாயைத் திறந்தால் ரோவீனா சொன்னாள், ரோவீனா வீட்டில் சாப்பிட்டேன், காய்ச்சலுக்கு ரோவீனா சூப் கொண்டுவந்தாள். உன் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அவளை இன்னொரு அம்மா என்று எழுதினாய், அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று உனக்குத் தெரியாது. என்ன கெர்டீன், ஒரே பொண்ணுக்கு ரெண்டு அம்மான்னா பொறுக்கலையா என்று அப்பா சிரிக்கிறார். பொறுக்கவில்லைதான்.

பழகிய குரலைக் கேட்டால் மூளையில் எந்த இடத்துக்கு இரத்தம் கூடுதலாக ஓடுகிறது, முன்பின் தெரியாத குரலுக்கு எந்த இடத்துக்கு ஓடுகிறது என்று நீங்கள் அங்கே பார்க்கிறீர்களே, அதையே இங்கேயும் செய்யத்தான் வந்தாள். ஆட்களை வரவழைக்கும் முன் ஒத்திகை பார்க்க வேண்டும், நானே படுத்துக்கறேன் என்று அவளே ஸ்கேன் படுக்கையில் ஏறிவிட்டாள். இருபத்தொரு வருஷமாக எல்லோருக்கும் செய்வதுபோல் அவளுக்கும் ஹெட்போன் மாட்டி, தலைக்கு இருபுறமும் திண்டு வைத்து, கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து, பயமா இருந்தா இதை அழுத்துங்க, உடனே நிறுத்திடுவேன் என்று சொல்லித்தான் உள்ளே அனுப்பினேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து இயந்திரத்தை ஓடவிட்டால், பழகிய குரல் என்று ஓடியது உன் குரல். பேருந்து இன்னும் வரவில்லை, பால் தீர்ந்துவிட்டது என்று நீ பேசிப் பதிந்து கொடுத்த வாக்கியங்கள். நான் பெற்ற பிள்ளையின் குரல் இன்னொருத்திக்குப் பழகிய குரல். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது, அவள் பந்தை அழுத்திவிட்டாள். என் விரல் நிறுத்தும் பொத்தான் மேலேயே இருந்தது, நான் அழுத்தவில்லை. கொஞ்சம் பயப்படட்டும் என்று நினைத்தேன் டீனெகெ. திரையில் விநாடி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பதினொன்று ஆன பிறகுதான் நிறுத்தினேன். இதற்குச் சாக்கு எதுவும் சொல்லமாட்டேன்.

வெளியே இழுத்தபோது அவள் முகமெல்லாம் வியர்வை, கை சில்லிட்டிருந்தது. குறுகின இடம்னா எனக்கு ஆகாது, அதனாலேயே இத்தனை வருஷமா படுக்காம தப்பிச்சுட்டிருந்தேன், உங்க பொண்ணு சொல்லுவா எங்கம்மா பக்கத்துல இருந்தா யாருக்கும் பயம் வராதுன்னு, அந்த தைரியத்துலதான் ஏறினேன் என்றாள். என் கையைப் பிடித்து நன்றி வேறு சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மத்தியானம் சிற்றுண்டிச் சாலையில் எதிரே போய் உட்கார்ந்து, நான் வேணும்னேதான் தாமதம் பண்ணினேன் என்று சொல்லிவிட்டேன். தெரியும், உள்ளே நான் எண்ணிட்டுதான் இருந்தேன், இருபது வரைக்கும் போயிட்டேன் என்றாள். பயந்தவள் வேகமாக எண்ணியிருக்கிறாள். ஏன் என்று கேட்டாள், என் பொண்ணோட குரல் என்றேன். என்னைப் பொறுத்துக்க முடியலைன்னா என்கிட்ட சண்டை போடுங்க, அந்தப் பந்தை நம்பிப் படுக்கிறவங்க மேல காட்டாதீங்க என்றாள். கோபமாகத்தான் சொன்னாள், நியாயமான கோபம். மேலதிகாரியிடமும் நானே போய்ச் சொன்னேன். இரண்டு வாரம் இயந்திரத்தின் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார், காகிதங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

அவள் வாயிலாக இது உன் காதுக்கு வந்தாலும் வராவிட்டாலும் என் கையாலேயே எழுதிவிட வேண்டும் என்றிருந்தது. அவள் சொல்லமாட்டாள் என்றுதான் தோன்றுகிறது, அதுவும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. பொறாமை போயிற்றா என்று கேட்காதே, போகவில்லை. நேற்று ரயிலடியில் அவள் கோட்டைப் போட்டுக்கொண்டபோது, திங்கட்கிழமை இந்தக் கோட்டு உன் மேசைக்குப் பக்கத்தில் தொங்கும், நான் இங்கே இருப்பேன் என்றுதான் நினைத்தேன். என்னிடம் உனக்குக் கோபமிருந்தால் எழுது, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடட்டும், உடம்பைப் பார்த்துக்கொள், தலை ஈரத்தோடு வெளியே போகாதே. மறந்துவிடாதே, உனக்குப் பிடித்த நம் ஊர் உப்பு மிட்டாய் மூன்று பொட்டலம் ரோவீனாவின் பெட்டியில் கொடுத்தனுப்பியிருக்கிறேன், கேட்டு வாங்கிக்கொள். அவளுக்கு ஒன்றுகூடக் கொடுக்காதே. சரி, ஒன்று கொடு.

உன்னைப் பெற்ற,
அம்மா கெர்டீன்