பெட்டிக்குள் இரண்டு பிள்ளைகள்

ரெங்கம்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

சந்திரமதி எழுதுகிறேன். என்னங்க, என்னங்க என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டதால், காகிதத்தில் உங்களை எப்படி அழைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். நேற்றுத்தானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று சிரிப்பீர்கள். சிரிக்கிற விஷயம் இல்லை. போனில் உங்கள் முகம் தெரிகிறது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அய்யூப் அண்ணன் லீவு முடிந்து நாளை கடல் தாண்டி நீங்கள் இருக்கும் பிந்துலுவுக்குத் திரும்புகிறாராம். முறுக்கு டின்னோடு இதையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். முறுக்கை உங்களோடு வேலை செய்கிற எல்லாருக்கும் கொடுங்கள். இதை மட்டும் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

வீட்டில் ஒரு குறையும் இல்லை. பின்பக்கக் கூரை ஒழுகுவது நின்றுவிட்டது, ஐயாசாமி அண்ணன் வந்து தகரத்தை மாற்றிக் கொடுத்தார். சாயங்காலமானால் மழை. நீங்கள் நட்டுவிட்டுப் போன கறிவேப்பிலை தழைத்துக் கிடக்கிறது, பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவும் வந்து பறித்துக்கொண்டு போகிறார். இப்படியே வீட்டுக்கதையை எழுதிக்கொண்டு போனால் சொல்ல வந்ததைச் சொல்லாமலே கடிதத்தை முடித்துவிடுவேன். என் லட்சணம் எனக்குத் தெரியாதா?

பிரவீனாவை ஞாபகம் இருக்கிறதா? எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரி ஓட்டுகிறாரே காளியப்பன், அவர் மகள். போன தீபாவளிக்கு நீங்கள் வந்திருந்தபோது, எங்க டீச்சருக்குப் பெரிய வெள்ளைப் பலகையா ஒண்ணு வாங்கிக் குடுங்க அங்கிள், இது பத்தல லா என்று உங்களையே அதட்டியவள். இப்போது மூன்றாம் படிவம், பதினைந்து வயது. தங்கிப் படிக்கிற அறிவியல் பள்ளி ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறாள். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு வரும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அந்தக் கையெழுத்து இப்போது கிடைக்காது என்கிறார்கள். அவளும், நம் வீட்டுக்கு டியூஷன் வருகிற இன்னும் மூன்று பெண்களும் கணிதச் சோதனையில் காப்பி அடித்தார்களாம்.

நான்கு தாளிலும் ஒரே கணக்கில் ஒரே தப்பு, ஒரே மாதிரிப் படம். சதாசிவம் சார்தான் அவர்களுக்குக் கணிதம் எடுக்கிறார். அவர் பார்த்துவிட்டுக் கட்டொழுங்கு ஆசிரியையிடம் கொடுத்துவிட்டார். நால்வரில் பிரவீனாதான் கெட்டிக்காரி, அதனால் அவள்தான் எழுதி மற்றவர்களுக்குக் காட்டியிருப்பாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

கணக்கு இதுதான். அப்பாவுக்கு நாற்பது வயது. பிள்ளைகள் இரண்டு பேர், ஒன்றுக்கு ஐந்து, ஒன்றுக்கு மூன்று. எத்தனை ஆண்டு கழித்து அப்பாவின் வயது, பிள்ளைகள் இருவரின் வயதையும் கூட்டினால் வருவதைப் போல் இரண்டு மடங்காக இருக்கும்?

என்னுடைய பெட்டி முறை உங்களுக்குத் தெரியும். கேலி செய்திருக்கிறீர்கள். இந்தப் பக்கம் ஒரு பெட்டி, அந்தப் பக்கம் ஒரு பெட்டி. தெரியாததற்கு x என்று பெயர் வை, இரண்டு பெட்டியிலும் x-ஐக் கூட்டு, நடுவில் சமக்குறி போடு, முடிந்தது. ஓர் அப்பா, ஒரு மகன் என்று வரும் கணக்கெல்லாம் இதில் சட்டென்று வந்துவிடும். பிள்ளைகளும் டீச்சர், டீச்சர் என்று என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். எனக்கும் தலை கொஞ்சம் வீங்கித்தான் போனது. சோதனைக்கு முந்தின வாரம் இந்த மாதிரிக் கணக்கையும் சொல்லிக் கொடுத்தேன். அப்பா பெட்டியில் 40 + x. பிள்ளைகள் இருவரையும் சேர்த்து ஒரே பெட்டியில் போட்டு 8 + x. ஆகவே 40 + x = 2(8 + x). விடை 24. சரிபார்த்தும் காட்டினேன். நாற்பதும் இருபத்து நாலும் அறுபத்து நாலு, எட்டும் இருபத்து நாலும் முப்பத்திரண்டு, சரியாக இரண்டு மடங்கு, பாத்தீங்களா என்று பெருமையாகச் சொன்னேன். நான்கு பேரும் சோதனையில் அதையே எழுதினார்கள்.

வியாழக்கிழமை காளியப்பனும் அவர் மனைவி செல்லமும் பிரவீனாவைக் கூட்டிக்கொண்டு நம் வாசலுக்கு வந்தார்கள். தாளை நீட்டி, இது நீங்க சொல்லிக் குடுத்ததா டீச்சர், இவ வாயே தொறக்க மாட்டேங்கிறா என்று செல்லம் அழுதார். பார்த்தேன். என் பெட்டிதான். மேலே சிவப்பு மையில் பெரிய சுழி. எங்கே தப்பு என்றுகூட அப்போது எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சுழியைப் பார்த்ததும் தாளை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? இப்படி நான் சொல்லிக் குடுக்கலையே.

அவ்வளவுதான். காளியப்பன் அந்த இடத்திலேயே அவளை அறைந்தார். காதுத்தோடு தெறித்து விழுந்தது. பிரவீனா அழவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து தோட்டைத் தேடி எடுத்துக்கொண்டு அப்பாவின் பின்னால் போனாள்.

அவர்கள் போனதும் கணக்கைப் பெட்டியில்லாமல் போட்டுப் பார்த்தேன். இருபத்து நாலு ஆண்டு கழித்துப் பெரியவனுக்கு இருபத்தொன்பது, சின்னவனுக்கு இருபத்தேழு. கூட்டினால் ஐம்பத்தாறு. முப்பத்திரண்டு எங்கே, ஐம்பத்தாறு எங்கே! ஒரு வருடம் போனால் ஆளுக்கொரு வயது கூடும் அல்லவா? இன்னும் ரெண்டு வருஷம் பொறு என்று நீங்கள் சொல்கிறீர்களே, அதில் உங்களுக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு, சேர்த்து நாலு. இது தெரியாதவளா நான்? பெட்டி ஒன்று என்பதால் உள்ளே இருப்பவர்கள் இருவர் என்பதையே மறந்துவிட்டேன். 8 + 2x என்று போட்டிருக்க வேண்டும். விடை வெறும் எட்டு.

இதைவிட வெட்கக்கேடு ஒன்று இருக்கிறது. பிரவீனா ஏன் வாயைத் திறக்கவில்லை? டியூஷன் நடத்தக் கல்வி இலாகாவிடம் நாம் அனுமதி வாங்கவில்லை. நீங்களும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டீர்கள், நான்தான் பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அதனால் பள்ளியில் யார் கேட்டாலும் என் பெயரைச் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அந்தச் சத்தியத்தைத்தான் அவள் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். அடி வாங்கியும் காப்பாற்றுகிறாள். நான் ஒரு சுழிக்குப் பயந்து அவளைக் கைவிட்டுவிட்டேன்.

என்ன செய்யட்டும்? படித்ததும் கூப்பிடுங்கள். சீ என்று ஒரு வார்த்தை திட்டவாவது கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாமல்,
சந்திரமதி


ரெங்கம்,
சனிக்கிழமை.

அன்புள்ளவருக்கு,

இந்தத் தடவை தபாலில் போடுகிறேன். உங்கள் பேச்சைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை நீங்கள் போனில், விடு சந்திரா, நாலு நாள்ல எல்லாம் ஆறிடும், நீ போய்ச் சொன்னா அனுமதி இல்லாத கதையும் வெளிய வரும் என்றீர்கள். என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னீர்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் வெள்ளிக்கிழமை அதற்காகக் காத்திருக்குமா? அது வந்து போய்விட்டால் அந்தப் பிள்ளைக்கு என்ன மிச்சம்?

புதன்கிழமை காலை பள்ளிக்குப் போனேன். அலுவலகத்தில் சதாசிவம் சாரும் கட்டொழுங்கு ஆசிரியையும் இருந்தார்கள். வாயால் சொன்னால் உளறிவிடுவேன் என்று பயந்து, மார்க்கர் ஒன்று கேட்டு வாங்கி, சுவரில் இருந்த பலகையில் என் இரண்டு பெட்டியையும் போட்டேன். 24 வரைக்கும் போட்டேன். சார் நான்கு தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு கோடு மாறவில்லை. பிறகு பிள்ளைகளுக்குத் தனித்தனியாக ஒரு பெட்டி போட்டு, ஒவ்வொன்றிலும் x எழுதி, 40 + x = 2(8 + 2x) என்று முடித்தேன். விடை எட்டு என்று கீழே எழுதினேன்.

சார் மார்க்கரை வாங்கி மூடி வைத்தார். நாலு பேரையும் தனித்தனியா உக்கார வச்சு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், எனக்கு அது தோணல பாருங்க என்று தன்னையே நொந்துகொண்டார். அவர் நொந்துகொள்ள என்ன இருக்கிறது? கட்டொழுங்கு ஆசிரியைதான் மலாயில், பிள்ளைகள் ஏன் இதை எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டார். அதைத்தான் கேட்கக் கூடாது என்று வழி நெடுக வேண்டிக்கொண்டு போயிருந்தேன். நான்தான் சொல்ல வேண்டாமென்று சத்தியம் வாங்கினேன், அனுமதி இல்லை என்றேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு கட்டொழுங்குப் பதிவேட்டிலிருந்த நான்கு பெயரையும் கோடு போட்டு அடித்துவிட்டார். வியாழக்கிழமையே பிரவீனாவின் விண்ணப்பத்தில் கையெழுத்து விழுந்துவிட்டது.

டியூஷனை நிறுத்திவிட்டேன். நீங்கள் வாங்கிக் கொடுத்த பலகையைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். அனுமதி கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன் நான் ஒழுங்காக உட்கார்ந்து முதல் படிவத்துக் கணக்கிலிருந்து திரும்பப் படிக்க வேண்டும். சிரிக்காதீர்கள்.

இதோடு முடிந்திருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். நேற்று சாயங்காலம் பிரவீனா ஒரு பை ரம்புத்தான் கொண்டுவந்தாள். மழை விட்டிருந்தது. கேட்டுக்கு வெளியிலேயே செருப்போடு நின்றாள். அப்பா குடுக்கச் சொன்னாரு, டீச்சர் போய்ச் சொல்லலன்னா எம்புள்ள படிப்பு போயிருக்கும், எம்புட்டு நல்ல மனசுன்னு சொல்லச் சொன்னாரு என்று ஒப்பிப்பது போலச் சொன்னாள். எனக்குக் காது கூசியது. பையை வாங்கிக்கொண்டேன். வாங்காமல் என்ன செய்வது?

போகத் திரும்பியவள் நின்று, குரலைத் தாழ்த்தி, டீச்சர், நா ஸ்கூல்ல யார்கிட்டயும் சொல்லல, உங்க பேர நா சொல்லவே இல்ல என்றாள். தெரியும்மா என்றேன். அன்னிக்கு நீங்க வாசல்ல சொன்னது பொய்யின்னும் நா அப்பாகிட்ட சொல்லல டீச்சர், அப்ப உங்களுக்கு ஞாபகம் வரல, அப்புறம்தான் வந்துச்சின்னு அவரு நெனச்சிக்கிட்டிருக்காரு என்றாள். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். காதில் ஒரு பக்கம்தான் தோடு இருந்தது. அன்றைக்குத் தெறித்ததில் திருகாணி தொலைந்துவிட்டதாம்.

அவள் போன பிறகு மழைத்தண்ணீர் தேங்கிய வாசலில் குனிந்து தேடினேன். பூத்தொட்டிக்குக் கீழே கிடைத்தது. சேறு போகக் கழுவிப் பொட்டலமாகக் கட்டி சாமிப்படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். ரம்புத்தானில் ஒன்றைக்கூட என்னால் வாயில் வைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

என்னங்க, பள்ளியில் கணக்குத் தப்பு என்று சொல்லிவிட்டேன். அந்த வாசலில் சொன்ன பொய்யை இன்னும் சொல்லவில்லை. காளியப்பன் என்னை நல்ல மனசுக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மகளை அறைந்த கை அவருக்கு எரிந்துகொண்டே இருக்கும், அந்த அறை எனக்கு விழுந்திருக்க வேண்டியது. அவர் வீடு நம் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளித்தான் இருக்கிறது. காலையில் கிளம்பினேன், சந்து முனையோடு திரும்பிவிட்டேன்.

தீபாவளிக்குக் காத்திருக்கச் சொல்லாதீர்கள். இரண்டு நாள் லீவு கேட்டுப் பாருங்கள். வந்ததும் குளிக்க வேண்டாம், சாப்பிட வேண்டாம், பையை வைத்துவிட்டு அந்த வீட்டு வாசல் வரைக்கும் என்கூட நடந்து வாருங்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். திருகாணியை நானே கொடுக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலைத்தளத்தில் உயரத்தில் ஏறும்போது கவனம். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள்
சந்திரமதி