வலது கோட்டில் நான் சொன்ன பொய்

என் பிரியமான அத்தான்,

நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. ஆற்றில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். குத்தாலம் பக்கம் நடவு இன்னும் முடியவில்லை. அக்கா சாப்பிடுகிறாள், நடமாடுகிறாள். உங்கள் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். அதற்குக் காரணம் நான். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

வலங்கைமான் பக்கம் நாம் போன அந்தக் கபடிப் போட்டி. கூலி உயர்வு கேட்டு அறுவடை நின்றுபோன வருஷம். வரப்பில் செங்கொடி, ரோட்டில் போலீஸ் வேன். அந்த நேரம் பார்த்து இறுதி ஆட்டம் மிராசுதார் தெருவுக்கும் கூலிக்காரர் தெருவுக்கும் அமைந்தது. நீங்கள் நடுவர். வலது பக்கக் கோட்டுக்கு நான்.

மிராசுதார் வீட்டில் நமக்கு இலை போட்டிருந்தார்கள். "ஆட்டம் முடியறவரைக்கும் எந்தத் தெருவுலயும் கை நனைக்கக் கூடாது மாணிக்கம்" என்று சொல்லி, அக்கா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைப் பள்ளிக்கூட வாசலில் பிரித்தீர்கள். நாங்கள் குத்தகைக்கு உழுதது அந்த மிராசுதாரின் தம்பி நிலத்தை. அது உங்களுக்கும் தெரியும். "கோட்டுக்கு வேற ஆளைப் போட்டுக்கலாமா?" என்று கேட்டீர்கள். "அதெல்லாம் வேண்டாம் அத்தான், நான் பாத்துக்கறேன்" என்றேன். நம்பினீர்களே.

ஆட்டம் சமநிலையில் இருந்தது. கூலிக்காரர் அணியின் கோவிந்தன் கடைசியாகப் பாடிப் போனான். ஒருவனைத் தொட்டுவிட்டுப் பாய்ந்து வந்து நடுக்கோட்டில் விழுந்தான். "காலு வெளியே போச்சு!" என்று எதிரணி கத்தியது. நீங்கள் என்னிடம் வந்தீர்கள்.

"போச்சா மாணிக்கம்?"

கோட்டுக்கு நாலு விரற்கடை உள்ளேதான் இருந்தது அவன் கால். தெளிவாகப் பார்த்தேன். எனக்கு எதிரே நாற்காலியில் மிராசுதார் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"போச்சு" என்றேன்.

நீங்கள் அவுட் கொடுத்தீர்கள். ஒரே புள்ளியில் தோற்றார்கள். கோவிந்தன் சண்டை போடவில்லை. உங்கள் முன்னால் வந்து நின்று, "நீங்களுமாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனான். அந்தத் தெருவிலிருந்து அதற்குப் பிறகு ஓர் அணியும் களமிறங்கவில்லை.

உங்கள் மேல் புகார் போனது. விசாரணையில் என் பேரைச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பீர்கள். "தீர்ப்பு சொன்னது நான், பொறுப்பும் என்னோடது" என்றீர்கள். நடுவர் பட்டியலிலிருந்து உங்களை எடுத்தார்கள். அக்காவே ஒரு நாள் கேட்டாள்: "நிஜமாவே அவங்க பக்கம் சாஞ்சுட்டீங்களா?" நீங்கள் பதில் சொல்லவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். என் பொய் உங்களுக்குத் தெரியுமா அத்தான்? தெரிந்துதான் சும்மா இருந்தீர்களா?

எதைக் காப்பாற்றப் பொய் சொன்னேனோ அதுவும் இல்லை. குத்தகைக்காரன் பேரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்ததும், பதிவதற்கு முன்பே எங்களை நிலத்தைவிட்டு இறக்கிவிட்டார்கள்.

போன வாரம் கோவிந்தனைத் தேடிப் போனேன். களை பறித்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னேன்.

"தெரியுங்க. கால் என்னோடதாச்சே" என்றான். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "விசில்காரர்கிட்ட சொன்னீங்களா?" என்றான்.

"அவர் போயிட்டாரு."

அவன் திரும்பவும் குனிந்து களையைப் பறிக்கத் தொடங்கினான். நான் வரப்பில் நின்றேன். போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

இனிமேல் சொல்லி என்ன? உங்களுக்குப் பட்டியலில் இடம் வரப்போகிறதா? அவனுக்கு அந்தப் புள்ளி வரப்போகிறதா? ஒன்றும் வராது என்று தெரிகிறது. தெரிந்தே எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். இது அச்சாவதற்கு முன் அக்காவின் காதுக்கு என் வாயாலேயே போகும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். எழுந்து உள்ளே போனால், கதவுக்கு வெளியே நின்றாவது சொல்லி முடிப்பேன். அதற்கப்புறம் எனக்கு அக்கா இல்லாமல் போனாலும் போகட்டும்.

நீங்கள் காட்டிக்கொடுக்காத மைத்துனன்,
மாணிக்கம்