ஹேட்டியும் ஆலைக்கு வருகிறாள்

ரஸ்ஸல்,

பீன்ஸ் அடுப்பின் மேல் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. விறகு வந்தால் கொட்டகைப் பக்கம் இறக்கச் சொல்.

நேற்று என் காதல் நாவலின் அட்டையைக் கிழித்துப்போட்டு, "அண்ணே, மரம் அறுக்குற ஆளு படிக்கிற கதையா இது? ஆலையில மானத்த வாங்கிருவானுங்க" என்றாய். அட்டையை ஒட்டிவிட்டேன். இன்று சாப்பாட்டு நேரத்தில் எல்லார் எதிரிலும் மேசையில் விரித்து வைத்துத்தான் படிக்கப்போகிறேன்.

கதையில் ஐந்து அண்ணன் தம்பிகள். வரிசையாக ஐந்து புத்தகம், புத்தகத்துக்கு ஒருவனுக்குக் கல்யாணம். ஒருத்தனும் கை ஓங்குவதில்லை. தப்புச் செய்தால் வாசலில் வந்து நின்று மன்னிப்புக் கேட்கிறான். இப்போது நான் படிக்கிற புத்தகத்தின் நாயகி ஹேட்டி லேசில் மன்னிக்கவும் மாட்டாள். நம் அப்பா இருந்த வீட்டில் இப்படி ஒரு ஆளைப் பார்த்தோமா? எனக்கு இவர்களைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

சிரிக்கட்டும். நாற்பது வயதில் நூலகத்து வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றபோதும்தான் சிரித்தார்கள். நிறுத்தினேனா?

வெர்னன்

பி.கு.: நீயும் படிப்பதானால் முதல் புத்தகத்திலிருந்து தொடங்கு. நான் தெரியாமல் மூன்றாவதை முதலில் எடுத்துவிட்டேன்; யாருக்கு யார் ஜோடி என்று முன்னாலேயே தெரிந்துபோய்ச் சுவை கெட்டுவிட்டது. முதல் புத்தகத்தை முன்பு ஒளித்து வைத்த என் கட்டிலுக்கு அடியில் தேடாதே. இனி எல்லாமே கூடத்து அலமாரியில்தான், வருகிறவர்கள் கண்ணில் படும்படி.