உயிரோடு இருப்பவனுக்கு ஒரு கல்லறை

ரோவான்,
9 ஜனவரி 1935

என் முயல்குட்டிக்கு,

இங்கே நான் சுகம். உன் சுகத்தைச் செய்தித்தாளில்தான் படித்துத் தெரிந்துகொள்கிறேன். பிரஸ்ஸல்ஸில் நீ வாசித்து முடித்ததும் அரங்கமே எழுந்து நின்றதாமே! அந்தத் தாளில் மட்டும் நான் யாருக்கும் ஈரல் மடித்துக் கொடுக்கவில்லை. பக்கத்து ரொட்டிக்கடை லெயோனி கேட்டும் தரவில்லை. "ரொம்பத்தான் பண்ணாதய்யா, பெத்தது பியானோவ இல்ல, பொண்ணத்தான்" என்று திட்டிவிட்டுப் போனாள்.

20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வானொலியில் நீயே எழுதிய புது இசையை நீயே வாசிக்கப் போகிறாய் என்று அதே தாளில் போட்டிருக்கிறான். மகள் சொல்லாததைப் பேப்பர்காரன் சொல்கிறான், பரவாயில்லை. லெயோனி புதிதாக வானொலிப் பெட்டி வாங்கியிருக்கிறாள். என் கடைதான் பெரியது என்பதால் அதை என் வெட்டுப்பலகை மேல் வைத்துத் தெருவே கேட்பதாக ஏற்பாடு. உனக்கு முதன்முதலில் பியானோ சொல்லிக்கொடுத்த கன்னியர் மடத்துச் சகோதரி கூட வருகிறார். வாரம் ஒரு தூக்கு மாட்டுக்குடல் கொடுத்துத்தானே உன்னை அங்கே சேர்த்தேன். குடலைப் போட்டு இசையை எடுத்தவன் இந்த பிரான்ஸிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன்.

ஒரு சின்ன மனத்தாங்கல். பாரிஸுக்குப் போய் எட்டு வருடம் ஆகிறது. இசைக்கல்லூரியில் முதல் பரிசு வாங்கினாய், பெரிய இடங்களில் வாசித்தாய், நடனக்காரர்களுக்கு இசை எழுதினாய். ஒரு தடவையாவது "அப்பா, வந்து உட்காருங்கள்" என்று எழுதினாயா? அரங்கம் குளிரும் என்கிறாய், இடம் தீர்ந்துவிட்டது என்கிறாய். என்னிடம் நல்ல கோட்டு இருக்கிறது. வாசனை கொஞ்சம் வரும், அவ்வளவுதான்.

உன் குடல்காரன் அப்பா,
பர்னபே


பாரிஸ்,
14 ஜனவரி 1935

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய குடல் சாசேஜ் கிடைத்தது. மிகவும் நன்றி. ஆனால் மதாம் வில்னோவ் வீட்டு முகவரிக்கு இனி அனுப்ப வேண்டாம் அப்பா. அவர் என்னைத் தன் வீட்டில் வைத்து இத்தனை வருடம் பார்த்துக்கொள்கிறார். மாடிப்படி முழுவதும் வாசனை தங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைக்காக அவ்வளவு சிரமப்படாதீர்கள். ரோவானில் வானொலி சரியாகவே கேட்காது. இது நீங்கள் விரும்பும் வால்ட்ஸ் போன்றதும் இல்லை. கனமான, புது மாதிரியான இசை. தெருக்காரர்களுக்கு அலுத்துவிடும். வேறொரு நாள், எளிமையான ஒன்றை வாசிக்கும்போது நானே எழுதுகிறேன். தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள்.

உங்கள் காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பனியில் வெளியே போக வேண்டாம்.

அன்புடன்,
சொலாஞ்ச்


ரோவான்,
21 ஜனவரி 1935

என் முயல்குட்டிக்கு,

மன்னித்துக்கொள், கேட்டுவிட்டேன். தெரு முழுவதையும் கூப்பிட்டுவிட்டு, "என் பொண்ணு வேண்டாங்கிறா, வீட்டுக்குப் போங்க" என்று எப்படிச் சொல்வது? ரோவானில் வானொலி நன்றாகத்தான் கேட்கிறது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

வாசிப்பதற்கு முன்னால் அந்த அறிவிப்பாளர் பேசினார். பழைய காலத்து இசைக்காரர்கள் இறந்துபோனவர்களுக்காக எழுதும் இசைக்குக் 'கல்லறை' என்று பெயராம். "இளம் இசையமைப்பாளர் செல்வி சொலாஞ்ச் ரோஷே, வெர்தன் போர்க்களத்தில் உயிர்நீத்த தம் தந்தைக்கு எழுப்பியிருக்கும் கல்லறையை இப்போது கேட்கலாம்" என்றார்.

லெயோனிதான் முதலில் திரும்பினாள்.

"யோவ் பர்னபே, நீ எப்பய்யா செத்த? ஒரு வார்த்த சொல்லல!"

செருப்புக்கடை காஸ்பார் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். "நல்ல மனுசன். எடையில மட்டும் கொஞ்சம் கை வைப்பான்."

"எனக்கே இப்பதாம்பா தெரியும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் நான் மட்டும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. மடத்துச் சகோதரி என் கையைப் பிடித்தார்.

அப்புறம் நீ வாசித்தாய்.

எனக்கு இசை தெரியாது. ஆனால் இடது கையில் ஒரு சத்தம் கனமாகவும் அடுத்தது லேசாகவும் மாறி மாறி வந்ததே, அது என் நொண்டி நடை. நடுவில் எல்லாம் அடங்கி, ஒரு நெட்டைத் தட்டு, இரண்டு குட்டைத் தட்டு. கடை சாத்தும்போது சாப்பிட வரச்சொல்லி உன்னைக் கூப்பிட நான் கத்தியின் பின்பக்கத்தால் பலகையில் தட்டுவது. வானொலி அதே பலகை மேல் இருந்ததால், பலகையே தட்டுவது போல இருந்தது. லெயோனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு அழகாக இருந்தது, மகளே. மோசமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வெர்தனில் நான் சாகவில்லை என்பது உனக்குத் தெரியும். சூப் அண்டா ஏற்றி வந்த கோவேறு கழுதை என் கால் மேல் உட்கார்ந்தது. அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்துத்தான் நீ வளர்ந்தாய்.

பேப்பர்காரர்கள், வானொலிக்காரர்கள் எல்லோரும் ஆளை மாற்றிச் சொல்லிவிடுவார்கள். அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். அது அவன் தப்பு என்று நீ ஒரு வரி எழுதினால் போதும், கடைக் கண்ணாடியில் ஒட்டிவிடுவேன். தெருவில் எல்லோரும் என்னைப் 'பெரிய ஆத்மா' என்று கூப்பிடுகிறார்கள். இன்று காலை காஸ்பார் ஈரலுக்குப் பதில் மெழுகுவர்த்தி கேட்டான்.

உன் பதிலுக்காக,
அப்பா


பாரிஸ்,
3 பிப்ரவரி 1935

அன்புள்ள அப்பாவுக்கு,

பல தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அறிவிப்பாளர்மேல் தப்பில்லை.

மதாம் வீட்டில் முதல் நாள் மாலை. கறுப்புத் துணி சுற்றிய படங்கள், அவருடைய மகன்கள் இருவரும் வெர்தனில் போனவர்கள். என் கன்னத்தைத் தொட்டு, "உன் அப்பாவும் அங்கேதானே?" என்று கேட்டார். நீங்களும் அங்கே இருந்தவர்தானே. 'ஆமாம்' என்றேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். என்ன கேட்டார் என்பது அப்போதுதான் புரிந்தது. மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் எனக்கு ஒரு பியானோ வந்து இறங்கியது.

அப்புறம் அவருடைய நண்பர்கள், அரங்கக்காரர்கள், விமர்சகர்கள் எல்லோருக்கும் நான் 'வெர்தன் வீரரின் மகள்' ஆகிவிட்டேன். கல்லறையை எழுதச் சொன்னவரும் மதாம்தான். நீங்கள் நம்ப மாட்டீர்கள், எழுதும்போது நிஜமாகவே அழுதேன். அதில் இருக்கும் அன்பு பொய் இல்லை.

இப்போது ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. மே 19 அன்று ரோவான் நகர அரங்கில் கல்லறையை வாசிக்க நகரமன்றத்தார் அழைத்திருக்கிறார்கள். மறுக்கத்தான் நினைத்தேன். மதாம் முந்திக்கொண்டு சம்மதம் சொல்லிவிட்டார். கூடவே வருகிறார். அன்று காலை ஊர்ப் போர் நினைவுச்சின்னத்தில் என் அப்பாவின் பெயருக்குக் கீழே மலர்வளையம் வைக்க வேண்டுமாம். கல்லில் சித்தப்பாவின் பெயர் இருக்கிறது அல்லவா, 'ப. ரோஷே' என்று. பப்திஸ்தோ பர்னபேயோ, மதாமுக்குத் தெரியாது. நகரமன்றத்தாருக்கோ நான் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தால் போதும்.

அந்த ஒரு நாள் மட்டும் நீங்கள் சாந்த் எத்தியெனில் அத்தை வீட்டுக்குப் போய்வர முடியுமா? தெருக்காரர்களிடமும் நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

என்னைக் கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் இதை மட்டும் செய்யுங்கள். உண்மை தெரிந்தால் எனக்கு பாரிஸில் ஒரு கதவும் திறக்காது.

உங்கள்,
சொலாஞ்ச்


ரோவான்,
17 பிப்ரவரி 1935

சொலாஞ்சுக்கு,

உயிரோடு இருப்பதற்காக ஒருவன் தன் மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலை வரும் என்று நான் நினைத்ததில்லை. கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கழுதை இன்னும் கொஞ்சம் மேலே உட்கார்ந்திருந்தால் உனக்கு வசதியாக இருந்திருக்கும்.

தெருவில் சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் ஓர் அண்டா குடல் சமைத்து எல்லோரையும் கூப்பிட்டேன். "மே மாசம் ஒரு நாள் நான் செத்தவன். யாரும் காட்டிக் குடுக்காதீங்க" என்றேன். லெயோனி கரண்டியைத் தூக்கி எறிந்தாள். "அவ வரட்டும், நடு ரோட்டுல வெச்சுக் கேக்குறேன்!" என்றாள். கெஞ்சி வாயை மூட வைத்தேன். "உன் சாவுக்கு நீயே விருந்து போட்டு, நீயே பரிமாறுற. உன்ன மாதிரி மடையன நான் பாத்ததில்லய்யா" என்று சொல்லிவிட்டு இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

ஆனால் சாந்த் எத்தியெனுக்கு நான் போக முடியாது. முன்பு கொடி பிடித்த மத்தூரேன் செத்த பிறகு இந்த ஊர்ப் பழைய சிப்பாய்கள் சங்கத்துக்குக் கொடி பிடிப்பவன் நான். கல்லின் கீழே யார் மலர் வைத்தாலும் கொடி நிற்க வேண்டும், கொடிக்காரன் நிற்க வேண்டும். அதுவும் பப்திஸ்தின் பெயருக்கு மலர் வைக்கும் நாளில் கொடியை வேறொருவன் கையில் கொடுக்க மாட்டேன். அவன் என் தம்பி. இருபத்துமூன்று வயதில் போனான். அவனுக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, இசை எழுத யாரும் இல்லை. இருப்பதெல்லாம் அந்த ஒரு வரிதான். அதையும் நான் எடுத்துக்கொண்டால் அவன் எங்கே போவான்?

நான் வாய் திறக்க மாட்டேன். சத்தியம். கல்லுக்கு இடப்பக்கம், கொடியோடு நிற்பேன். பேசுவதென்றால் நீ பேசு.

பர்னபே


பாரிஸ்,
11 மே 1935

அப்பா,

நீங்கள் நில்லுங்கள். இந்த மூன்று மாதமும் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. அங்கே, அந்தக் கல்லின் முன்னால் வைத்தே மதாமிடம் சொல்லிவிடுகிறேன். "இவர்தான்" என்று உங்கள் கையைப் பிடித்துச் சொல்கிறேன். என்ன ஆனாலும் ஆகட்டும். நல்ல கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் அரங்கில் முன் வரிசையில் உங்களுக்கு ஓர் இடம்.

உங்கள் முயல்குட்டி


ரோவான்,
20 மே 1935

மதிப்பிற்குரிய செல்வி ரோஷே அவர்களுக்கு,

ஊருக்கு வந்து சிறப்பித்ததற்கு எங்கள் சங்கத்தின் சார்பில் நன்றி. இந்த வரியைச் சங்கத்துச் செயலாளர் சொல்லி எழுதினேன். மீதி என்னுடையது.

நல்ல கோட்டைப் போட்டிருந்தேன். லெயோனி இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, லாவெண்டர் வைத்து மடித்துத் தந்தாள். காஸ்பார் காசு வாங்காமல் செருப்புக்கு மெருகு போட்டான். உங்கள் கடைசிக் கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். அதனால் தெருவே வந்து பின்னால் நின்றது. செத்தவன் எழுந்திருப்பதைப் பார்க்க.

நீங்கள் காரிலிருந்து இறங்கியபோதே என்னைப் பார்த்தீர்கள். அது எனக்குத் தெரியும். மதாம் வில்னோவ் நல்ல மனுஷி. மலர்வளையத்தை அவரே குனிந்து வைத்தார், முழங்கால் வலித்தும். தம்பியின் பெயரை விரலால் தடவினார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அப்புறம் நிமிர்ந்து என் பதக்கத்தைப் பார்த்து, "நீங்களும் வெர்தன்ல இருந்தீங்களா? ரோஷேயத் தெரியுமா?" என்று கேட்டார்.

நான் உங்களைப் பார்த்தேன். எல்லோரும் உங்களைத்தான் பார்த்தார்கள். லெயோனி மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. நீங்கள் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"தெரியும் மதாம். நல்லா சூப் வைப்பான்" என்றேன்.

மதாம் அழுதுகொண்டே சிரித்தார். பிறகு நீங்கள் வரிசையாகக் கை கொடுத்துக்கொண்டு வந்தீர்கள். என்னிடம் வந்தபோது, இப்போதாவது என்று நினைத்தேன். சொல்லக்கூட வேண்டாம், விரலைக் கொஞ்சம் அழுத்தினால் போதும் என்று நினைத்தேன். கையுறை போட்டிருந்தீர்கள். "மிக்க நன்றி, ஐயா" என்றீர்கள்.

ஐயா.

சாயங்காலம் அரங்குக்கு வரவில்லை. முன் வரிசையில் எனக்கென்று வைத்த இடத்தில் துணை மேயரின் மனைவி உட்கார்ந்ததாகக் கேள்வி. அவருக்குப் பிடித்திருந்ததாம். காஸ்பார் திரும்பி வரும்போது குடித்திருந்தான். "பர்னபே, ஒன் நடைய வாசிச்சு அந்தப் பொண்ணு கைதட்டு வாங்குதுய்யா, நீ இங்க நொண்டிக்கிட்டு நிக்கிற" என்று அழுதான். அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

நீங்கள் ஒன்றுக்கும் பயப்பட வேண்டாம். இந்தத் தெருவிலிருந்து ஒரு சொல் பாரிஸுக்கு வராது. லெயோனி கூட ஒப்புக்கொண்டுவிட்டாள். "ஒனக்காக வாய மூடுறதுதான் எனக்கு வாழ்நாள்ல பெரிய வேல" என்றாள். நீங்கள் எழுப்பிய கல்லறை நன்றாக இருக்கிறது. அதில் குடியிருக்கிறேன். எனக்கு இனிக் கடிதம் எழுத வேண்டாம். செத்தவனுக்குத் தபால் வந்தால் தபால்காரன் பயந்துவிடுவான்.

ஒன்றே ஒன்று. இன்று கடை சாத்தும்போது பழக்கத்தில் கத்தியைத் திருப்பிப் பிடித்தேன். அப்புறம் தட்டாமலே பலகையைத் துடைத்து வைத்துவிட்டேன். அந்தத் தட்டு இப்போது உங்களுடையது. இசைத்தாளில் அச்சடித்து விற்கிறார்களாமே. இங்கே சாப்பிடக் கூப்பிட யாரும் இல்லை.

தங்கள் உண்மையுள்ள,
பர்னபே ரோஷே
குடல், ஈரல் வியாபாரம்
ரோவான்