திரும்பாத மாதிரி

லிவர்பூல்
4 அக்டோபர் 1851

அன்புள்ள அம்ப்ரோசுக்கு,

நலம். நீர் அனுப்பிய பஞ்சு மாதிரிகள் வந்தன. இவற்றை நீர் ஒருநாளும் திருப்பிக் கேட்பதில்லை. தொழில் வழக்கம் அப்படி. என் மனைவி தலையணை தைத்தே ஓய்ந்துவிட்டாள்.

ஒரு சந்தேகம். முன்பெல்லாம் பழுப்புப் பஞ்சை வெள்ளை என்று எழுதி என் உயிரை வாங்குவீர். மூன்று வருடமாக ஒரு பொதிகூடத் தரம் பிசகவில்லை. வயதாக ஆக உமக்குக் கண் தெளிகிறதோ?

உம்
பென்கெத்

நியூ ஆர்லியன்ஸ்
20 நவம்பர் 1851

பென்கெத்,

பிடித்துவிட்டீர். கண்ணில் புரை. எனக்கு எல்லாப் பஞ்சும் மஞ்சள்தான். தரம் பார்ப்பது என் அடிமை ப்ரைமஸ். வெயில் கூசாத வடக்கு ஜன்னலடியில் நின்று இழையை இழுத்துப் பார்த்துச் சொல்வான், நான் எழுதுவேன். நேற்று ஒரு பொதியை முதல் தரம் என்றேன். "எசமான் சொன்னாச் சரிதாங்க. லிவர்பூல்காரரு ஒத்துக்கணுமே" என்றான். சிரித்துவிட்டேன்.

ஏப்ரலில் கடையை மூடுகிறேன். எல்லாம் மருமகனுக்கு. ப்ரைமஸைக் கரும்புத் தோட்டத்தில் இறக்கப் போகிறானாம். அங்கே போனவர்கள் ஏழு வருடம் தாங்குவதில்லை. ப்ரைமஸ் தனிக்கட்டை, அவனுக்காக அழக்கூட ஆளில்லை. நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அம்ப்ரோஸ்

லிவர்பூல்
8 ஜனவரி 1852

அன்புள்ள அம்ப்ரோஸ்,

இந்த முறை மாதிரிகளை ப்ரைமஸ் கையில் கொடுத்தனுப்பும். இங்கிலாந்து மண்ணில் கால் வைத்தவன் எவனும் யாருடைய சொத்தும் அல்ல. இது உமக்கே தெரியும்; உம்மிடம் மறைத்துத் தந்திரம் செய்ய எனக்கு மனமில்லை. என் கிடங்கிலும் வடக்கு ஜன்னல் உண்டு. சம்பளத்தோடு வேலையும் உண்டு.

பென்கெத்

நியூ ஆர்லியன்ஸ்
2 மார்ச் 1852

பென்கெத்,

முதலில் கோபம்தான் வந்தது. நீர் போட்டிருக்கும் சட்டையும் அடிமைகள் பறித்த பஞ்சுதானே ஐயா. கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்திருந்தேன்.

பிறகு ப்ரைமஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அங்க ரொம்பக் குளிருமாங்க?" என்று மட்டும் கேட்டான். என் கம்பளிக் கோட்டைக் கொடுத்தேன். நாளை கப்பலேறுகிறான். இருபது வருடம் செய்யாததை இன்று செய்கிறேன். என்னைப் புகழ்ந்து எழுதிவிடாதீர்.

கடை வெறிச்சென்று இருக்கப் போகிறது. ஆனாலும் இன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

மருமகன் குதிக்கிறான். "அவன் எப்ப மாமா திரும்பி வருவான்?" என்கிறான். பொதியிலிருந்து உருவி அனுப்பிய மாதிரியைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் நம் தொழிலில் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

உம்
அம்ப்ரோஸ்