மீனாக்கா, என் விண்ணப்பத்தை என்ன செஞ்சீக?

இன்னமும் அக்கான்னே வாயில் வருகிற என் மீனாக்காவுக்கு,

நீங்க கண்ணை மூடி எட்டு மாசமாச்சு. மருத்துவப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிப் பிரிவில் நீங்க பார்த்த நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கப் போன மாசம் அறிவிப்பு வந்துச்சு. விண்ணப்பத்தை நானே கொண்டு போய்க் கொடுத்தேன்.

வாங்கின கிளார்க், "மூணு வருசம் முன்னாடி இதே வேலைக்கு எடுத்தப்ப ஏம்மா போடல?" என்றார்.

"போட்டேனே சார். மீனாக்காகிட்டக் குடுத்து விட்டேன்."

பழைய பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். உங்க பேர் இருந்துச்சு. என் பேர் இல்ல.

அன்னைக்கு என் மகளுக்கு அம்மை போட்டிருந்துச்சு. கடைசி நாள் வேற. வாசல்ல நின்னு நீங்கதான் கேட்டீக: "கொண்டா, என்னோடதோட சேத்துக் குடுத்துர்றேன். நீ புள்ளையப் பாரு." சாயந்தரம் போன் பண்ணி, "குடுத்துட்டேன்டி" என்றீக.

மறந்திருப்பீகன்னுதான் முதல்ல நினைச்சேன். அப்படியே நினைச்சுட்டுப் போயிருக்கலாம்.

இன்டர்வியூவில் நம்ம ஆய்வை நடத்துற டாக்டரம்மா சிரிச்சுக்கிட்டே கேட்டாக. "இப்பவாவது விருப்பம் வந்துச்சா? போன தடவ உனக்கு இஷ்டமில்லைன்னு மீனா சொன்னாளே."

"வந்துருச்சு மேடம்" என்றேன். இல்லாத உங்களை நாலு பேர் முன்னால காட்டிக் கொடுக்க மனசு வரல.

கண்டரமாணிக்கம், திருப்பத்தூர்னு வீடு வீடாப் போய்ச் சர்க்கரை நோய் ஆய்வுக்கு ரத்தம் எடுத்தோமே, அஞ்சு வருசம். ஒப்பந்த வேலை, எப்ப நிப்பாட்டுவாகளோங்கிற பயம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அந்த முதல் அறிவிப்பு வந்த வருசத்தோட உங்களுக்கு வயசு வரம்பு முடியுதுன்னு எனக்கும் தெரியும். கேட்டிருந்தா ஒதுங்கியிருப்பேனா? சத்தியமாத் தெரியல. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

வேலை கைநழுவினதுகூடப் பரவாயில்லக்கா. என்னை இன்டர்வியூவுக்கே கூப்பிடலைன்னு பஸ்ஸில் அழுதப்ப, கையைப் பிடிச்சுக்கிட்டு, "எம்.எஸ்ஸி. படிச்சவகல்லாம் போட்டிருக்காக. மனச விட்டுராத" என்றீகளே, அதைத்தான் தாங்க முடியல. கூப்பிடக்கூட லாயக்கில்லாதவள்னு மூணு வருசம் என்னை நானே நம்பிக்கிட்டிருந்தேன். நடுவுல வந்த ரெண்டு அறிவிப்புக்கும் போடவே இல்ல.

நேத்து ஆர்டர் வந்துச்சு. உங்க இடம்தான். கேள்விப்பட்டு உங்க மக இனிப்போட வந்தா. "சித்தி, அம்மா இருந்தா குதிச்சிருப்பாக. 'செல்வி கெட்டிக்காரி, எனக்கு மேல வரணும்'னு சொல்லிக்கிட்டே இருப்பாக" என்றாள். அதில் எது நிசம்க்கா? அவ போன பிறகு கதவைச் சாத்திட்டு அழுதேன். உங்களுக்காகவா, என் மேலயே இரக்கப்பட்டா, பிரிச்சுச் சொல்லத் தெரியல.

அவ வாசிச்சாலும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு பேரு, ஊரு, நடந்ததுன்னு எல்லாத்தையும் கொஞ்சம் மாத்தித்தான் எழுதியிருக்கேன். அவ அம்மா அவளுக்கு அப்படியே இருக்கட்டும். என் வாயால கெட மாட்டீக, இது சத்தியம். மன்னிச்சுட்டியான்னு மட்டும் கேக்காதீக. அது இன்னும் வரல.

போற இடமெல்லாம் நீங்க சொல்லிக்கிட்டு இருந்த
உங்க கூடப்பிறக்காத தங்கச்சி