தாலிக்கு முன் ஒரு வைஃபை தேடல்

இன்று காலை கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில், புதிதாக வந்த மடிக்கணினியின் கறுப்புத் திரையில் வைஃபை தேடும் கட்டளையைத் தட்டினேன். உனக்கு அனுமதி இல்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எதிர் மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்த மேனேஜர் அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, வேலை முடிஞ்சிட்டா?"

"இல்ல அண்ணாச்சி, இப்பதான் ஆரம்பிச்சிருக்கு."

பாவம், அவர் உன் கல்யாணத்துக்கு வந்தவர் இல்லை. வந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

நாம் இரண்டு பேரும் இங்கே சேர்ந்து வேலை பார்த்த காலத்தில், வைஃபை படத்தை நீ கிளிக் செய்து நான் பார்த்ததே இல்லை. எதற்கெடுத்தாலும் கறுப்புத் திரையைத் திறந்து எழுதுவாய். "படத்தைத் தொட்டா கிடைக்கலன்னு மட்டும் சொல்லும். எழுதிக் கேட்டாத்தான் ஏன் கிடைக்கலன்னு சொல்லும்" என்பாய். அதை உன் மணமேடையிலும் கேட்பேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

உடன்குடியில் உன் கல்யாணம். அப்பா இல்லாத வீட்டில் உன்னை வளர்த்து ஆளாக்கியது உன் அண்ணன். அவர் கப்பலில் சமையல்காரர். கல்யாணத்துக்கு விடுப்பு கிடைத்திருந்தது. மாற்று ஆள் வந்து சேராததால் கடைசி நேரத்தில் இறங்க முடியாமல் போனது. செய்தி வந்த அன்று நீ அழவில்லை. "அண்ணன் வீடியோல பாக்கணும். அது பாக்காம நான் கழுத்த நீட்ட மாட்டேன்" என்று மட்டும் சொன்னாய். எல்லோரும் விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தார்கள். நான் நினைக்கவில்லை.

முகூர்த்தம் நெருங்கியபோது வீடியோ அழைப்பு வரவில்லை. கப்பலின் சாட்டிலைட் ஃபோனிலிருந்து என் ஃபோனுக்கு வெறும் குரல்தான் வந்தது. முந்தின வாரம் அண்ணனின் கைபேசி சமையலறைத் தரையில் விழுந்து நொறுங்கிவிட்டதாம். கையில் இருந்தது மடிக்கணினி மட்டும். அது அவர் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் பழையதாக வாங்கியது. ஊருக்கு வந்திருந்தபோது அதில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவள் நீ. அதில் கப்பல் வைஃபை தெரியவில்லை என்றார். வேறு யாரிடமாவது ஃபோன் வாங்கலாமே என்று நான் கேட்டேன். கப்பல் கரை அணைந்துகொண்டிருந்தது. எல்லோரும் மேல்தளத்தில் கயிறு பிடிக்கப் போயிருந்தார்கள்.

நீ என் ஃபோனை வாங்கினாய். இரண்டு கையிலும் மருதாணியும் வளையலும். பூச்சரம் காதை மறைத்தது. பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை பூவை விலக்கி, ஃபோனை உன் காதில் பிடித்துக்கொண்டார். இவர் உனக்குச் சரியான ஆள்தான் என்று எனக்கு அந்த நிமிஷம் பட்டது.

"அண்ணே, கறுப்புத் திரையத் திற. நான் சொல்லுதத அப்படியே அடி."

ஸ்பீக்கரில் அண்ணன் குரல் கேட்டது. "அடிச்சிட்டேன். அனுமதி இல்லங்குதுளா."

"முன்னால சூடோன்னு போடு. எஸ், யு, டி, ஓ."

"சூடா? இங்க சாம்பாரு சூடாத்தான் இருக்கு."

"நான்தான் மொதலாளி, சொன்னதக் கேளுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லுத வார்த்தைண்ணே. போடு."

இந்த முறை, வைஃபையே அணைந்திருக்கிறது என்று திரை சொன்னது. "தூங்குது. எழுப்புவோம்" என்று இன்னொரு கட்டளை சொன்னாய். ஒவ்வோர் எழுத்தையும் அவர் திருப்பிச் சொல்ல, நீ தலையாட்டினாய். ஆட்டும்போதெல்லாம் நெற்றிச்சுட்டி ஆடியது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு உன்னையே பார்த்தார்.

முன்வரிசையில் மாப்பிள்ளையின் மாமா எழுந்துவிட்டார். "ஐயரு ஒரு மந்திரம் சொல்லுதாரு, பொண்ணு ஒரு மந்திரம் சொல்லுது. நேரம் போவுது, என்ன கூத்து இது?"

உன் அம்மாவின் முகம் சிறுத்துப்போனது. என் கையைப் பிடித்து, "அவ பிடிவாதக்காரி, நீயாவது சொல்லேன்" என்றார். நான் உன் பக்கம் குனிந்தேன். நீ முந்திக்கொண்டாய்: "ஏளா, எதுவும் சொல்லாத. இப்பதான் ஒண்ணு புடிபடுது."

தேடல் இப்போது வேலை செய்தது. ஆனால் துறைமுகத்தின் பெயர்கள் இரண்டு மட்டும் வந்தன. கப்பலின் பெயர் இல்லை.

"ஒடஞ்ச ஃபோன்ல கப்பல் வைஃபை வருமாண்ணே?"

"நல்லா வருமே. இந்தப் பொட்டிலதான் என்னைக்கும் வரல."

நீ கண்ணை மூடினாய். பிறகு, கணினி தன்னை எந்த நாட்டில் இருப்பதாக நினைக்கிறது என்று கேட்கும் கட்டளையைச் சொன்னாய்.

"யு எஸ்னு வருதுளா."

நீ வாய்விட்டுச் சிரித்தாய். கல்யாணப் பெண் அப்படிச் சிரித்து உடன்குடியில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். "அது இன்னும் அமெரிக்காவுலயே இருக்குண்ணே! அங்க வைஃபைக்குப் பதிமூணாம் சேனல்ங்கற அலைவரிசை கெடையாது. கப்பல் வைஃபை அதுலதான் ஓடுதுபோல. அதான் அங்கன எட்டியே பாக்கல. நம்ம ஊருக்குக் கூட்டிட்டு வந்துருவோம். இந்தியாவுக்கு ஐ, என்னுன்னு போடு."

போட்டார். மறுபடி தேடினார். "வந்துட்டு! கப்பல் பேரு வந்துட்டுளா!" என்ற சத்தத்தில் நாதஸ்வரக்காரர் தவறுதலாக வாசிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

மண்டபத்துப் பெரிய திரையில் அண்ணன் தெரிந்தார். வெள்ளை ஏப்ரன், கையில் கரண்டி. அழுதுகொண்டே சிரித்தார். ஐயர் கையைக் காட்டினார்; கெட்டிமேளம் கொட்டியது; நீ கழுத்தை நீட்டினாய். அங்கே அவர் கரண்டியால் சட்டியைத் தட்டினார். சத்தம் போட்ட மாமாவே திரைக்கு முன்னால் போய்க் கும்பிட்டு, "நான் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். சாப்பாட்டுக்கு நீங்க இல்லாதது குறைதான்" என்றார்.

நீ நோயில் விழுந்ததையும், உன் வீட்டுக்காரர் கடைசிவரை உன் பக்கத்திலேயே இருந்ததையும் நான் இங்கே நீட்டி எழுதப் போவதில்லை. உனக்குப் பிடிக்காது. காரியத்துக்கு அண்ணனால் வந்துவிட முடிந்தது.

கப்பலுக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் எனக்கு அழைத்தார். மடிக்கணினி மெதுவாக ஓடுகிறது என்றார். அடுத்த முறை, கீபோர்டு ஒட்டிக்கொள்கிறது என்றார். நான் ஒவ்வொன்றாக வழி சொன்னேன். அப்புறம்தான் கவனித்தேன், நான் சொன்ன எதையும் அவர் செய்து பார்த்ததே இல்லை. இப்போது, அவர் அழைக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் எங்கேயும் போவதில்லை.

போன வாரம் வீடியோவில் வந்தார். பின்னால் வட்ட ஜன்னல், அதில் ஏதோ ஒரு கடல்.

"ஏளா, வைஃபையே வரலளா."

"வைஃபை வரலன்னா இந்த வீடியோ எப்படிண்ணே வருது?"

அண்ணன் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"சரி, அத விடு" என்றார். "நீ சாப்ட்டியா?"